கருத்துப் பெட்டியில் ஒரு தும்பிக்கை

மற்றவர்கள் மனம் திறந்து பேசவேண்டும் என்று மேடையேறிக் கேட்கிறவனை உடனே நம்பிவிடக் கூடாது. நான் அப்படிக் கேட்டவன். அதனால்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. (பெயர் வேண்டாம். கல்லூரி இப்போது இல்லை. அதை நினைத்து வெட்கப்படவும் என்னைத் தவிர ஆளில்லை.) அறுபது மாணவர்கள், ஆறு ஆசிரியர்கள், ஒரு கிணறு, அதிபருக்குச் சொந்தமான நான்கு பசுக்கள். எனக்கு இருபத்தேழு வயது. கல்லடியில் அறை எடுத்துத் தங்கி, பாலத்தைக் கடந்து சைக்கிளில் வந்து எழுத்துப் பயிற்சியும் கரும்பலகை வேலையும் கற்பித்தேன்.

எனக்கு ஒரு வித்தை தெரியும். எழுத்தைக் காட்டினால் எழுதியவனைச் சொல்லிவிடுவேன். மாணவர்கள் பெயர் போடாத தாள்களைக் கொண்டுவந்து சோதிப்பார்கள். ஒரு தடவையும் நான் பிழைவிட்டதில்லை. நாடகக் கொட்டகை மந்திரவாதியைப் போலக் கண்ணை மூடித் திறந்து, ஒரு கனைப்புக் கனைத்து, பிறகுதான் பெயரைச் சொல்வேன். (கண்ணை மூடவேண்டிய தேவையே இல்லை. அது சும்மா எடுப்புக்கு.)

அந்த வருடம் மூன்று வாரப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனேன். போகும்போது வாத்தியார், வரும்போது சீர்திருத்தவாதி. ‘நிருவாகத்துக்கும் மாணவருக்கும் இடையிலான கருத்துப் பரிமாற்றம்’ என்ற சொற்றொடரை இரவு ரயிலில் பக்கத்திலிருந்த கருவாட்டு வியாபாரியிடமே நாலு தடவை பாவித்துப் பார்த்தேன். அவர் மறுபக்கம் திரும்பி நித்திரை கொண்டார்.

எங்கள் கல்லூரியில் கருத்துப் பரிமாற்றம் என்றால் விளம்பரப் பலகைதான். அதிபர் அறிவித்தல் எழுதுவார், பியோன் கோதுமைமாப் பசை பூசி ஒட்டுவான், மத்தியானத்துக்குள் ஆடுகள் வந்து பசையோடு சேர்த்துத் தின்றுவிடும். அதிபர் சொன்னதை முழுமையாக உள்வாங்கியவை அந்த ஆடுகள் மட்டும்தான்.

நான் ஒரு தேயிலைப் பெட்டியில் மேலே வாய் வெட்டி, பூட்டுப் போட்டு, ‘உங்கள் கருத்து’ என்று என் அழகிய எழுத்தில் எழுதி விறாந்தையில் மாட்டினேன். அதிபர் தடுக்கவில்லை. “கொழும்பில இப்பிடித்தான் செய்யிறாங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

முதல் வாரம் பெட்டியைத் திறந்தபோது ஒரு பஸ் டிக்கட், ஒரு மாங்கொட்டை, செத்த பல்லி ஒன்று. கணித ஆசிரியர் அழகையா என்னைவிட இருபது வயது மூத்தவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, பல்லி மட்டும் மனசத் திறந்து சொல்லியிரிக்கு.”

“பொடியனுகள் பயப்படுறாங்க, ஐயா.”

“பயப்படாம? எழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பன் எண்டு நீர்தானே ஊர் முழுக்கப் பறையடிச்சு வைச்சிரிக்கிறீர்.”

அந்தப் பெரிய மனிதர் அன்றைக்குச் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது. நான் வேறு விதமாக யோசித்தேன். அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “பெயர் எழுதத் தேவையில்லை. யார் எழுதியது என்று ஒருவரும் தேடமாட்டோம். அதற்கு நான் பொறுப்பு” என்றேன். நெஞ்சில் கையை வேறு வைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டியவன் கனகரெத்தினம். விடுதியின் மாணவர் தலைவன். படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்தில், இன்னொருவரின் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிற குடும்பம். இன்னும் நாலு மாதத்தில் அவனுக்குத் தராதரப் பத்திரமும் நியமனமும் கிடைக்கும். அந்த வீட்டில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிற முதல் ஆள் அவன்தான். நான் கற்பித்த எழுத்தை என்னைவிட அழகாக எழுதியவனும் அவன்தான்.

அந்த வாரம் பெட்டி நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாக இருந்து வாசித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல், ஆசிரியர் கூட்டத்தின் நடுவில், அதிபருக்கு முன்னாலேயே பூட்டைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உரத்து வாசித்தேன். செய்தி வாசிக்கிற குரல் வேறு.

“கிணற்றுக்குக் கயிறு இல்லை.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

“படிக்கிற அறையில் விளக்குப் போதவில்லை.” அதிபரும் தலையாட்டினார்.

“கறியில் மீன் இல்லை. மீன் குளித்த தண்ணீர்தான் இருக்கிறது.” அழகையா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில் அடுத்த தாளைக் கண் ஓட்டாமலே வாசித்தேன். “விடுதிச் சோற்றில் பாதி அதிபர் வீட்டு மாடுகளுக்குப் போகிறது. புல் அறுக்கப் போவதால் எங்களுக்குப் படிக்க நேரம் இல்லை. நாங்கள் ஆசிரியர்களாகப் போகிறோமா, மாட்டுக்காரர்களாகப் போகிறோமா?”

கடைசிக் கேள்விக்கு ஏற்ற இறக்கமெல்லாம் கொடுத்து வாசித்து முடித்த பிறகுதான், என்ன வாசித்தேன் என்று எனக்கே விளங்கியது. வெளியில் ஒரு பசு கத்தியது. (நம்பினால் நம்புங்கள். அதிபருடைய பசுதான்.)

அதிபர் கையை நீட்டித் தாளை வாங்கினார். பார்த்தார். திருப்பி என் முன்னால் வைத்தார்.

“ஆர் எழுதினது?”

“பேர் இல்ல, சேர்.”

“பேர் இல்லாட்டி என்ன? உமக்குத்தான் எழுத்துத் தெரியுமே. இல்லாட்டி அதுவும் வெறும் பேச்சோ?”

இந்த இடத்தில் நான் ‘தெரியவில்லை’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாளில் எத்தனையோ பொய்களை எந்தப் பிரயோசனமும் இல்லாமல் சொல்லியவன் நான். அன்றைக்கு மட்டும் உண்மை பேசினேன். என் வித்தையை வெறும் பேச்சு என்று ஐந்து ஆசிரியர்கள் முன்னால் சொல்லிவிட்டாரே என்ற எரிச்சல்தான். வேறு காரணம் கிடையாது.

வாசிக்கிற உற்சாகத்தில் கவனிக்காத எழுத்தை இப்போதுதான் தாள்களில் பார்த்தேன். எல்லாம் ஒரே கை. எழுத்தை மாற்றக் கடும் முயற்சி செய்திருந்தான். இடது பக்கம் சாய்த்து, பெரிதாக்கி, கோணலாக்கி. அக்காலத்தில் ‘லை’ எழுதுவதென்றால் இப்போதைய ‘ை’க்குப் பதிலாக ‘ல’வோடு ஒட்டி முன்னால் தும்பிக்கை போல ஒரு வளைவு போடவேண்டும். கரும்பைக் கண்ட யானையைப் போல அதை மேலே தூக்கி ஒரு சுருள் சுருட்டுவது கனகரெத்தினத்தின் பழக்கம். எல்லாவற்றையும் மாற்றியவன் அதை மாற்ற மறந்துவிட்டான். குறை எழுதுகிறவன் ‘இல்லை’ என்று எழுதாமல் எப்படித் தப்புவான்? ஒவ்வொரு தாளிலும் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நின்றது.

கண்ணை மூடித் திறந்தேன். கனைத்தேன். பெயரைச் சொன்னேன்.

கனகரெத்தினத்தைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றான். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நீதானா எழுதினது?” என்றார் அதிபர்.

“ஓம், சேர். எல்லாம் நான்தான்.”

“ஆர் சொல்லி எழுதினாய்?”

அதிபர் மூன்று தரம் கேட்டார். அவன் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஒருத்தரும் தேடமாட்டம் எண்டு இந்தச் சேர்தான் சொன்னவர்.”

“அவர் எங்க தேடினவர்? பார்த்த உடன தெரிஞ்சிட்டு.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்தப் பகடிக்கு என் உதடும் கொஞ்சம் விரிந்தது. அதைக் கனகரெத்தினம் கண்டான்.

நன்னடத்தை இல்லை என்று எழுதி அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். தராதரப் பத்திரமும் இல்லை, நியமனமும் இல்லை. மறுநாள் மத்தியானம் றங்குப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தோணித் துறைக்குப் போனான். நான் சைக்கிளில் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தோணி இன்னும் வரவில்லை. பெட்டியை மணலில் வைத்துவிட்டு நின்றான். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

“கனகரெத்தினம், உம்மட எழுத்து நல்ல எழுத்து. பழக்கத்தை விட்டிராதேயும்.”

(அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.)

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஓம், சேர். பொடியனுகள் எழுதப் பயந்தவனுகள். எல்லாரும் சொல்லுங்கடா, நான் எழுதிறன் எண்டு நான்தான் சொன்னன். பிடிபட்டாலும் என்ட எழுத்து எண்டு கண்டா சேர் காட்டிக் குடுக்கமாட்டார் எண்டும் சொன்னன்.”

தோணி வந்தது. ஏறிப் போனான்.

அதன் பிறகு பெட்டிக்குள் ஒரு தாளும் விழவில்லை, பல்லிகூட விழவில்லை. வருட முடிவில் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கருத்துப் பரிமாற்றம் சிறப்பாக நடைபெறுவதாகவும் மாணவரிடம் குறைகள் எதுவும் இல்லை எனவும் எழுதினேன். அடுத்த வருடம் என்னை உப அதிபராக்கினார்கள். கனகரெத்தினம் தகப்பனோடு வயலில் நிற்கிறான் என்று தோணிக்காரர் ஒருநாள் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் போய் வந்திருக்கலாம். நான் போகவில்லை.

கலியாணம் முடித்த பிறகு இந்தக் கதையை மனைவிக்குச் சொன்னேன். பல்லி, பசு, தும்பிக்கை வரைக்கும் சொன்னேன். “பிறகு அந்தப் பொடியனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள். “ஊருக்குப் போயிட்டான்” என்றேன். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகள் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்கள். மகள் தன் கலியாண விருப்பத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்லி, கடைசியாகத்தான் எனக்குச் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கும் மகன் எனக்குக் கடிதம் எழுதினால் தட்டச்சில்தான் எழுதுவான், கீழே தன் பெயரைக்கூட. ஏனென்று விருந்தாளிகள் கேட்டால் மனைவி முந்திக்கொள்வாள்:

“கையால எழுதினா மனுசன் ஆளைப் பிடிச்சிருவார்!”

வீடு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். துறையில் அவன் சொன்னதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை வாசித்த பிறகு அவர்கள் எப்படிச் சிரிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.