ஜம்பு தேர்ந்தெடுத்த ஏரி

"பவாயா, விகாரா, தாணாவா, எந்த ஏரி? சீக்கிரம் சொல்லித் தொலைடா. தபால் எடுக்க வந்துடுவன்" என்று கார்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள் நாகலக்ஷ்மி.

"எதுல ஆழம் கம்மி?" என்றான் ஜம்பு.

"படகு ஓட்டறவன் கேக்கற கேள்வியா இது?"

"நான் எப்போக்கா படகு ஓட்டினேன்?"

நாகலக்ஷ்மி பேனாவை உதறினாள். எல்லாம் அவள் வாய் செய்த வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவிலிருந்து ரயிலேறி முலுண்டுக்கு ஜம்புவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் ஆன பிறகு பெண்ணின் தகப்பனார் பஞ்சாபகேசன், "லீவு நாள்ல மாப்பிள்ளை என்ன பண்ணுவார்?" என்று கேட்டார். உண்மையில் ஜம்பு லீவு நாளில் தூங்குவான். சாப்பிட எழுந்திருப்பான், மறுபடியும் தூங்குவான். அதைச் சபையில் சொல்ல முடியுமா? நாகலக்ஷ்மி திருதிருவென்று விழித்தாள். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். அதில் ஒரு வெள்ளைக்காரன் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான்.

"படகு ஓட்டுவன்!" என்று சொல்லிவிட்டாள்.

பஞ்சாபகேசன் முகம் மலர்ந்தது. "பேஷ்! அம்மிணிக்கும் ஏரின்னா உசிரு. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாருமாப் போவோம். எந்த ஏரின்னு மாப்பிள்ளையே பார்த்து எழுதட்டும். அவருக்குத்தானே தெரியும்?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குப் பொய் மட்டும் ஆகாது. முன்னாடி வந்த பையன் பி.ஏ. பாஸ்னு சொன்னான். விசாரிச்சா ஃபெயில். காபி டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள எழுந்து போகச் சொல்லிட்டேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் அம்மிணி காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டும்போது ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜம்புவுக்குத் தூக்கமே இல்லை. அந்தப் பெண் கிடைக்காமல் போய்விட்டால் இனி எப்போதுமே தூக்கம் வராது என்று அவனுக்குத் தோன்றியது.

"பேசாம ஜாதகத்துல ஜலகண்டம் இருக்குன்னு எழுதிடேன். தண்ணிப் பக்கமே போகக்கூடாதுன்னு" என்றான்.

"எழுதறேன். கண்டம் இருக்கற பையனுக்கா பொண்ணு தருவா? வேற சொல்லு."

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விகார் ஏரி ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. அங்கே யாரையும் படகோடு விடமாட்டார்கள். விகார் என்று எழுதிவிட்டால் பாஸ் கிடைக்காது, பயணம் தானாக நின்றுவிடும்.

புதன்கிழமை பதில் வந்தது.

"விகார் மெத்த சரி. தண்ணீர் இலாகாவில் என் தங்கை மாப்பிள்ளை இருக்கிறான். பாஸுக்குச் சொல்லியாகிவிட்டது."

ஜம்பு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தனை ஆழம்க்கா அது?"

"விழுந்தாத்தான் தெரியும். நீ விழுந்துட்டா அப்புறம் மாதுங்கா முழுக்க உன்னைத்தான் குழாயில பிடிச்சுக் குடிக்கணும்" என்றாள் நாகலக்ஷ்மி. உடனே அவளுக்கே பொறி தட்டியது. ஊரார் குடிக்கும் ஜலத்தில் உல்லாசமாகப் போக மாப்பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை என்று எழுதினாள். பவாய்க்குப் போகலாம், ஆனால் அங்கே முதலைகள் உண்டாம், பெண்டுகளுக்கு ஒத்துவருமா என்று யோசிக்கிறார் என்றும் சேர்த்தாள்.

வியாழக்கிழமை மாலையே பதில்.

"முதலைகளுக்கு நடுவில் ஓட்டிப் பழகியவரா! அடக்கமாக இருந்துவிட்டாரே! எங்கள் கட்டிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நாங்கள் கரையில் நின்று பார்க்கிறோம். மாப்பிள்ளை மட்டும் நடு ஏரி வரை போய்வரட்டும்."

ஜம்பு கார்டை இரண்டு தரம் படித்துவிட்டு, "அக்கா, நீ இனிமே எழுதாதே" என்றான்.

மூன்றாவது கார்டை அவனே எழுதினான். ஆபீசில் விசாரித்ததில், தாணா ஏரி ஊர் நடுவில் இருக்கிறது, கரையோரம் இடுப்பளவுதான், வாடகைப் படகும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. முங்கினாலும் நடந்தே கரை சேரலாம். "வீட்டுப் பெண்டுகளும் ஏறிச் சந்தோஷப்பட தாணாவே உசிதம்" என்று முத்து முத்தாக எழுதிப் போட்டான்.

சனிக்கிழமை காலையில் பதில் வந்தது. "ஆகா! தாணா எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஆகையால் கட்டிடத்தில் எல்லாரும் வருகிறார்கள். பதினெட்டுப் பேர். புளியோதரை நாங்கள் கொண்டுவருகிறோம்."

சனிக்கிழமை பூராவும் ஜம்பு கூடத்தில் மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டுப் பழகினான். நாகலக்ஷ்மி எதிரே பிரயாணியாக உட்கார்ந்தாள். மூன்றாவது இழுப்பில் விளக்குமாறு அவள் கன்னத்தில் விழுந்தது.

"அடேய்! படகை ஓட்டறயா, பேயை ஓட்டறயா?"

ஞாயிறு மூன்று மணிக்குத் தாணா ஏரிக்கரை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. புளியோதரைத் தூக்குகள் வரிசையாக நின்றன. ஜம்புவைக் கண்டதும், "அதோ, முதலைக்காரர்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

படகுக்காரர் வெயிலுமுத்து தாராவிவாசி, தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். "ஏறுங்க சாமி" என்று படகைப் படிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தார். ஜம்பு ஒரு காலை வைத்தான். படகு நகர்ந்தது. மறு காலைப் படியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. வெயிலுமுத்து இடுப்பைப் பிடித்து அவனை மூட்டை மாதிரி உள்ளே இறக்கினார்.

பின்பக்கப் பலகையில் பஞ்சாபகேசன் உட்கார்ந்தார். அம்மிணியும் அவர் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"இரு இரு" என்று தடுத்தார் அவர். "துடுப்புப் போடறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்?"

"உங்களப் பாத்துதான் சாமி. முதுகு போற பக்கமா இருக்கணும்" என்றார் வெயிலுமுத்து.

ஜம்புவுக்கு அதுவே புதுச் செய்தி. போகிற திசையைப் பார்க்காமலா போவார்கள்?

"அப்போ நீ முன்னாடி போய் உட்காரு, அம்மிணி" என்றார் பஞ்சாபகேசன். "வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் உட்கார்றதாவது! நாலு பேர் பார்த்திண்டிருக்கா."

ஆக, அம்மிணி முனையில் ஜம்புவின் முதுகுக்குப் பின்னால் போனாள். ஒரு வாரமாக எந்த முகத்தை நினைத்துக்கொண்டிருந்தானோ அது பின்னால் இருந்தது. கண்ணெதிரே இரண்டு முழத்தில் பஞ்சாபகேசனின் மீசையும், வெயிலுக்கு அவர் விரித்த பெரிய கறுப்புக் குடையும்தான். குடைக்குப் பின்னால் கரை இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

வெயிலுமுத்து தள்ளிவிட்டார். ஜம்பு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். ஆச்சரியம்! படகு போயிற்று. கரையில் கைதட்டினார்கள். இருபது கெஜம் போனதும் நின்றது. அதற்குள் கரையில் எல்லாரும் புளியோதரைத் தூக்குகளைத் திறந்து அதில் மும்முரமாகிவிட்டார்கள்.

ஜம்பு இழுத்தான். படகு இடது பக்கம் ஒரு அரை வட்டம் போட்டது. இன்னும் பலமாக இழுத்தான். வலது பக்கம் ஒரு அரை வட்டம். ஒரு துடுப்பு தண்ணீரை அள்ளிப் பஞ்சாபகேசன் மீசையில் ஊற்றியது.

"ஏன் போகமாட்டேங்கறது?" என்றார் அவர், துடைத்துக்கொண்டே.

"காத்து... எதிர்க்காத்து" என்றான் ஜம்பு. குடையின் விளிம்புகூட ஆடவில்லை.

பின்னாலிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது. சிரிக்கிறாள் என்று ஜம்புவுக்குப் புரிந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று. இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று துடுப்பைக் கீழே வைத்தான்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு..."

"அப்பா!" என்றாள் அம்மிணி அவசரமாக. "உங்களுக்குப் பின்னாடி பாருங்கோ. கயிறு!"

பஞ்சாபகேசன் குடையை மடக்கித் திரும்பினார். படகின் பின்முனை வளையத்திலிருந்து ஒரு கயிறு விறைப்பாக நீண்டு, கரையில் முளைக்குச்சியில் போய் முடிந்திருந்தது.

"அடப்பாவி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரையில் பாதிப் பேர் புளியோதரையைக் கீழே வைத்துவிட்டார்கள். "படகைக் கட்டிப் போட்டுட்டு வாடகை வாங்கறயா? அரை மணியா இந்தப் பிள்ளை இழுக்கறார், இழுக்கறார், ஒரு வார்த்தை முணுமுணுக்கலை! கையைப் பாரு, ரத்தமாச் செவந்திருக்கு!"

வெயிலுமுத்து கயிற்றைப் பிடித்துப் படகைக் கரைக்கு இழுத்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "மறந்துட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னார். பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு வார்த்தை அவரைத் திட்டினார்கள். நாகலக்ஷ்மி எல்லாரையும்விட அதிகமாகத் திட்டினாள். நிம்மதிதான் காரணம்.

"இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" என்றார் பஞ்சாபகேசன் ஊரைப் பார்த்து. "முளைக்குச்சியோட சண்டை போட்டவர், சம்சாரத்தை நடத்தமாட்டாரா? நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வெத்தலை பாக்கு மாத்திடுவோம். எங்கே தட்டு?"

ஜமக்காளத்தின் மேலேயே தட்டு மாற்றியாயிற்று. அம்மிணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆனால் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். ஜம்புவுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஒரு மனிதர் இத்தனை திட்டு வாங்கினாரே என்று படிக்கட்டுக்குத் திரும்பி ஓடினான்.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கணும். நீங்க கயித்தை அவிழ்க்க மறந்ததாலதான் நான் பிழைச்சேன். உங்க மறதிக்குக் கோடி நமஸ்காரம்."

வெயிலுமுத்து துடுப்பைக் கவிழ்த்து நீரை வடித்துக்கொண்டே சொன்னார்: "மறக்கவுமில்ல, ஒண்ணுமில்ல தம்பி. நேத்து சாயங்காலமே அந்தப் புள்ள சிநேகிதியக் கூட்டிக்கிட்டு வந்து, 'நாளைக்கு வாறவருக்குப் படகு ஓட்டத் தெரியாது, அவங்க அக்கா எங்க வீட்டுக் காலண்டரப் பாத்து அளந்தத நான் கதவிடுக்குல பாத்தேன், ஆனா எனக்கு அவர்தான் வேணும், கயித்த அவுத்துராதீங்க, எங்கப்பா ஏசினா பொறுத்துக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."