ஐம்பது எம்.எம். கண்ணீர்

"மூக்கு மட்டும்தான் தெரியுது," என்றார் கேமராக்காரர்.

"முகம் முழுசா வேணும்டா!"

"ஐம்பது எம்.எம். லென்ஸுக்கு இன்னும் பின்னாடி போகணும். பின்னாடி உன் அலமாரி நிக்குது."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். வார நாட்களில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். இயக்குநர் ஆனது இன்று காலையில்தான். கையில் இருப்பது ஒரே ஒரு பதினாறு எம்.எம். ஃபிலிம் சுருள். ஓடினால் இரண்டே முக்கால் நிமிடம். டிஜிட்டலில் எடு, எத்தனை டேக் வேண்டுமானாலும் போகலாம் என்று கேமராக்கார நண்பர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "ஃபிலிம்லதான் உயிர் இருக்கும்" என்று சொல்லிவிட்டார் இவர்.

கதை சின்னது. பிரிந்துபோன மகனின் கடிதத்தை அப்பா படிக்கிறார், அழுகிறார். நடிப்பவர் சொந்த அப்பாவேதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட சண்டைக்குப் பிறகு, இருவருக்கும் "சாப்பிட்டியா", "ம்" அளவில்தான் பேச்சு. அப்போதே மன்னிப்புக் கேட்டு எழுதியும் பார்த்தார் இயக்குநர். தபாலில் போடத் தைரியம் வரவில்லை. வாயில் வராததைப் படத்திலாவது சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை பாடு. நான்கு மணி பஸ்ஸில் அப்பா மகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அலமாரியை நகர்த்தினார்கள். அது சமையலறை வாசலில் போய் வசமாகச் சிக்கிக்கொண்டது. உள்ளே, அலமாரிக்கு அடியில் கிடந்த குப்பையை அள்ளிக்கொண்டு போன மனைவி.

"ஏங்க, நான் எப்படி வெளிய வர்றது?"

"ஒரு ஷாட் பொறுத்துக்கோம்மா!"

அப்போதும் இடம் போதவில்லை. கிட்டேயிருந்தே அறை முழுவதையும் வளைத்துப் போடும் பத்து எம்.எம். லென்ஸை மாட்டினார்கள். அப்பாவின் மூக்கு கத்தரிக்காய் ஆயிற்று. கூடவே குளியலறைக் கதவும், அலமாரிக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவியின் தலையும் படத்துக்குள் வந்தன.

கடைசியில் ஐம்பதையே மாட்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே கேமராவை நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முகம் அற்புதமாக வந்தது. கடிதம் வெள்ளைத் தாள் என்பதும் பளிச்சென்று தெரிந்தது.

"எழுதாத தாளைப் பாத்து எப்படிடா அழறது?" என்றார் அப்பா. கேட்டதில் நியாயம் இருந்தது. மணி மூன்றே கால்.

"ஏம்மா, ஏதாவது எழுதின தாள் இருந்தா குடு!"

அலமாரிக்கு மேலாக ஒரு கை நீண்டது. அப்பா தாளை வாங்கிப் பிரித்தார். கேமரா ஓடியது.

முதலில் அவர் உதடு அசைந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. சுருள் தீர்ந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகனின் தோளில் கை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வாடா. பேசணும்."

அவர் தெருமுனை திரும்பியதும் இயக்குநருக்குத் தாங்க முடியாத பெருமை வந்தது.

"பாத்தியாடா ஐம்பது எம்.எம்.மை!"

"லென்ஸ் என்ன பண்ணும்? நான் வெச்ச ஆங்கிள்!"

"இல்லடா, ஃபிலிம்! அதான் சொன்னேனே, உயிர்!"

சண்டை போட்டபடியே அலமாரியை இழுத்தார்கள். இடுக்கு வழியாக வெளியே வந்த மனைவி புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"ஏங்க, அந்தத் தாளை மாமா எடுத்துட்டுப் போயிட்டாரா? அலமாரிக்கு அடியில கிடந்துச்சு. 'அன்புள்ள அப்பா, என்னை மன்னிச்சிடுங்க'ன்னு உங்க கையெழுத்துல இருந்ததால, படத்துக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்கன்னு குடுத்துட்டேன்."