சில்வர் ஸ்வான் கப்பலின் சமையல்காரர்

"கப்பல் பேர் என்னம்மா?" என்று கேட்டாள் வீட்டுக்கார மிஸஸ் கிரிம்ஷா.

டோர்கஸ் பிம் இல்லாத புருஷனுக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தாள். எட்வின். மீசை, கழுத்து மச்சம் வரைக்கும் தயார். கப்பலை மறந்துவிட்டாள்.

எதிரே குளிர்காயும் கணப்பின் மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதன் மேல் பாய் விரித்த கப்பல் படம். கீழே பொன்னெழுத்தில் பெயர்.

"சில்வர் ஸ்வான்" என்றாள்.

மிஸஸ் கிரிம்ஷாவின் புருவம் ஒரு நூல் உயர்ந்து இறங்கியது.

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் தட்டச்சு நிலையம் வைக்க டோர்கஸ் அதுவரை பதினோரு வீடு ஏறி இறங்கியிருந்தாள். கல்யாணமாகாத பெண் என்றதும் பதினோரு கதவுகளும் சாத்திக்கொண்டன. பன்னிரண்டாவது வீட்டு ஜன்னலில், 'அறை வாடகைக்கு, விதவைகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. டோர்கஸ் நேரே துணிக்கடைக்குப் போனாள். கறுப்பு உடுப்பும் முகத்திரையும் வாங்கிக்கொண்டு ஒரே மத்தியானத்தில் விதவையாகிவிட்டாள்.

இந்த அறையும் கிடைக்காவிட்டால் சாயங்கால ரயிலில் லீட்ஸுக்குப் போக வேண்டும். அங்கே அண்ணன் வீடு. ஆறு குழந்தைகள். 'அத்தை எதுக்கு இருக்கா?' என்பதுதான் அந்த வீட்டு வேதம்.

"என்னம்மா, கண்ணீர் கறுப்பா வருது?"

டோர்கஸ் கன்னத்தைத் தொட்டாள். வழியில் பெய்த மழையில் முகத்திரை சாயம் விட்டிருந்தது.

"துணி புதுசு, அதான்."

"புதுசா? அவர் போன மார்ச்சில போனார்னு சொன்னியே?"

"பழசு அழுது அழுது நைஞ்சு போச்சு."

"ஐயோ பாவம். கப்பல்ல என்னவா இருந்தார்?"

"கேப்டன்."

மிஸஸ் கிரிம்ஷா தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்தாள். "கேப்டனா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பக்கத்து வீட்டு பாட்ஸ் நாற்பது வருஷம் கடல்ல கிடந்தவர். அவருக்குத் தெரியாத கேப்டன் கிடையாது. நெல்! பாட்ஸைக் கூட்டிட்டு வா!"

வேலைக்காரி நெல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கேப்டன்னா..." டோர்கஸ் இழுத்தாள். "கேப்டனுக்குச் சமைச்சுப் போடறவர்."

"சமையல்காரர் சம்சாரமா? அப்ப நீயும் நல்லாச் சமைப்பே. ஞாயித்துக்கிழமை விருந்து உன் கையால!"

டோர்கஸுக்கு வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். "அவர் என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டார். வீட்டிலயும் அவர்தான் சமையல்."

"இப்படி ஒரு ஆம்பளையா?" என்றாள் மிஸஸ் கிரிம்ஷா. அதுவரை சொன்னதில் இதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

அதற்குள் பாட்ஸ் புகையும் சுங்கானோடு வந்து நின்றார். "எங்கே முழுகிச்சு?"

"நார்வே பக்கம்."

"புயலா?"

"பனிப்பாறை."

"நார்வே பக்கம் ஏதும்மா பனிப்பாறை?"

"சின்னப் பாறைதான்."

பாட்ஸ் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "சில்வர் ஸ்வான் டாக்டரைத் தெரியும். தச்சனைத் தெரியும். பாய் தைக்கிறவங்க ரெண்டு பேரையும் தெரியும். சமையல்காரன்னு ஒருத்தனை நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

டோர்கஸின் காதில் லீட்ஸ் ரயில் ஊதியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சுக்கோங்க. உண்மையைச் சொல்லிடறேன். நான்..."

"உக்காரு" என்று அதட்டினாள் மிஸஸ் கிரிம்ஷா. பிறகு பாட்ஸ் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, சமையல்காரன் இல்லாம ஒரு கப்பல் போகுமா?"

"அதானே! அத்தனை பேரும் என்னத்தைத் தின்னாங்கன்னு நானே ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன்" என்றார் பாட்ஸ்.

மேஜைமேல் சாவி வந்து விழுந்தது.

"முன் அறையை எடுத்துக்கோ. 'மிஸஸ் பிம், தட்டச்சு'ன்னு ஜன்னல்ல பலகை மாட்டு. 'மிஸஸ்' மட்டும் பெரிசா இருக்கணும், தெருக்கோடி வரைக்கும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு மிஸஸ் கிரிம்ஷா பாட்ஸை வழியனுப்பப் போனாள்.

டோர்கஸ் சாவியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

நெல் பிஸ்கட் டப்பாவை எடுத்து, அதிலிருந்த கப்பலைத் துணியால் துடைத்து, நாற்காலியிலிருந்து பார்த்தால் பெயர் நன்றாகத் தெரியும்படி திருப்பி வைத்தாள்.

"கேப்டன் வேலைக்கு மட்டும் இனிமே ஆசைப்படாதீங்கம்மா," என்றாள். "டாக்டர், தச்சன்னு இங்கே குடியிருக்கிற மத்த விதவைங்க ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டாங்க. ஆனா இந்த டப்பாவைப் பார்த்து முதல் முதல்ல கேப்டனை எடுத்துக்கிட்டது எங்க வீட்டம்மாதான்!"