அக்கா காது வரல

எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூட பேட்டரி அண்ணனுக்குப் பயப்படுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வேலை செய்த எஸ்டேட்டை முதலாளி விற்ற பிறகு டவுனுக்கு வந்தவர். கடைகடையாகப் பிளாஸ்டிக் போத்தல் வைத்து, சனங்கள் போடும் பழைய பேட்டரிகளை வாரம் ஒருமுறை அள்ளிப்போய் மறுசுழற்சி மையத்தில் சேர்ப்பார். நல்ல காரியம்தான். அவர் அள்ளும் விதம்தான் பயமுறுத்தும்.

எங்கள் மளிகைக் கடை முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேட்டரியாக எடுத்து மோந்து பார்ப்பார். காதோரம் வைத்துக் கண்ணை மூடுவார்.

"இது பச்ச கேட்டு வீட்டு ரிமோட்டு. இது டீச்சர் வீட்டு டார்ச்சு."

முனையில் டேப் ஒட்டி, பிணங்களைக் கிடத்துவதுபோல் வரிசையாகப் படுக்க வைப்பார்.

ஒருமுறை ஒன்றை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "மூலை வீட்டுத் தாத்தா கடியாரம். பாவம் லா," என்றார். அந்த வாரமே தாத்தா போய்ச் சேர்ந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதன் பிறகு சனங்கள் பேட்டரியைப் போத்தலில் போட்டதும் ஓட்டம் பிடித்தார்கள். டீச்சர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து போட்டார்.

ஒரு மழை மதியம். அண்ணன் போத்தலைக் கொட்டினார். கிளறினார். மறுபடியும் கிளறினார்.

"தங்கச்சி, லெட்சுமி அக்கா காது வரல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"காது மெசின் பேட்டரி லா. பொட்டு மாதிரி ரெண்டு. வாராவாரம் போட்ருவாங்க. இந்த வாரம் இல்ல."

"பத்து காஜா டவுனுக்கு, மக வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"இல்ல. அந்தப் பேட்டரி புதுசு ஒரு அட்டை எடு. வா."

அக்கா தனியாக இருப்பவர். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினோம், கத்தினோம். உள்ளே தொலைக்காட்சி மட்டும் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் பின்கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

அக்கா குளியலறைத் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் குனிந்ததும் அவர் உதடு அசைந்தது.

"வந்துட்டியா, எமா?"

அண்ணன் அக்கா காதிலிருந்த கருவியைக் கழற்றி, புதுப் பேட்டரி போட்டு மாட்டினார்.

"அக்கா! கேக்குதா?"

"கேக்குது. ஏன்டா கத்துற?"

இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாளாகக் கிடந்தவரின் பதில் அது! நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அண்ணன் ஈரத்தரையில் உட்கார்ந்து, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

அக்கா பிழைத்துவிட்டார். மகளோடு இருக்கிறார். அண்ணன் போன வருடம் பீடோரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது மாதம் ஒருமுறை வேன் வந்து போத்தலைத் தூக்கிப் போகிறது. அதற்குள் யார் யார் இருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.