உமது பிக்கப் இழுக்கவில்லை

சிவமயம்

அரியாலை,
12.09.1992

நோர்வேக் குளிரோடு மல்லுக்கட்டும் மைத்துனர் பரமலிங்கம் அவர்கட்கு,

சந்நிதியான் அருளால் நானும் உமது அக்கா ஞானாம்பிகையும் சுகம். மகள் குணலட்சுமிக்கு வியாழக்கிழமை தாலி ஏறிவிட்டது. நீர் என்னிடம் விட்டுப்போன பிக்கப் மாத்திரம் சுகமில்லை. அதைப்பற்றித்தான் இக்கடிதம்.

முகூர்த்தம் காலை பத்தே காலுக்கும் பதினொன்றே காலுக்கும் இடையில். தப்பினால் இனித் தை மாதம்தான் என்று ஐயர் சொல்லிவிட்டார். குணத்துக்கு வயது முப்பத்தொன்று. தை வரும் மட்டும் பொறுக்க உமது அக்காவின் நெஞ்சில் தெம்பில்லை. இந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியில் மாப்பிள்ளை சீவரத்தினத்தின் மொறிஸ் மைனர் கார் பூமாலையோடு படுத்துவிட்டது. பெற்றோல் வராத ஊரில் மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து அதன் குடல் வெந்துபோயிற்று. நான் பிக்கப்போடு ஓடினேன். "இதிலை ஏறுங்கோ தம்பி" என்றேன். மாப்பிள்ளையின் தாய் தங்கமுத்து, "என்ரை பிள்ளை வெங்காயம் ஏத்தின வாகனத்திலை வந்து இறங்கான். காரிலைதான் வருவான்" என்று வாசலை மறித்து நின்றுவிட்டார். சரி, காரைக் கயிறு கட்டி இழுப்போம் என்று முடிவாயிற்று. தங்கமுத்து தான் மட்டும் பன்னீர்ப் போத்தல்களோடு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காரில் தலைப்பாகையோடு மாப்பிள்ளையே ஸ்ரேறிங் பிடித்தார். நான் ஒரே ஒரு புத்திதான் சொன்னேன்: "தம்பி, கயிறு தொய்யக் கூடாது. தொய்ஞ்சு இழுத்தால் அறுந்துபோம்." "ஓம் மாமா" என்றார். நல்ல பணிவு.

இனித்தான் குழப்பம். இன்ஜின் சூடானால் இழுவை போய்விடும் என்று நீர் போன கடிதத்தில் எழுதியிருந்தீர். கராச்சில் வாகனம் திருத்தும் சந்தியோகோ, மண்ணெண்ணெய் சூட்டில்தான் எரியும், ஆறினால் இழுவை போய்விடும் என்று றேடியேற்றருக்கு முன்னால் சாக்குக் கட்டிவிட்டான். சூடானாலும் இழுக்காது, ஆறினாலும் இழுக்காது என்றால் இது எப்போதுதான் இழுக்கும்? முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதராக இருந்த எனக்கு இது விளங்கவில்லை. முதலாம் கியரில் போட்டேன். இழுத்தது, ஆனால் ஒப்பாரி வைத்துக்கொண்டு கொதித்தது. இரண்டாம் கியரில் போட்டேன். கொதி அடங்கிச்சுது, ஆனால் அசையேல்லை. சந்தியோகு பக்கத்தில் சைக்கிளில் வந்துகொண்டு "முதலாம் கியர் ஐயா" எண்டான், கொதிச்சவுடனை "ரெண்டாம் கியர் ஐயா" எண்டான், சாக்கைக் கழட்டினான், திருப்பிக் கட்டினான். கிடுகு ஏத்தின மாட்டுவண்டில் ஒண்டு எங்களைக் கடந்து போச்சுது. எங்கடை ஊரிலை மலையோ கிடக்கு? ஒரு மதகு, முழ உயரமில்லை, அதிலை ஏறேலாமல் நிண்டிட்டுது. எரிஞ்ச மணம் வேறை. கிட்டடியிலை கிணறில்லை, தங்கமுத்துச் சம்பந்தியின்ரை பன்னீர்ப் போத்தல் ரெண்டையும் றேடியேற்றருக்குள்ளை ஊத்தினன். ஆவியெல்லாம் கலியாண மணம். அங்கை என்ரை பிள்ளை கூறை உடுத்து வெளிக்கிட்டபடி வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பாள் எண்டு நினைக்க எனக்கு அழுகை வந்திட்டுது, பரமலிங்கம். கடைசியில் றோட்டில் போன சனம் தள்ளித்தான் மதகில் ஏற்றியது. மூன்று மைலுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். பதினொன்று பதின்மூன்றுக்குத் தாலி கட்டியது.

நீர் கண்கலங்கி விட்டுப்போன வாகனம்தான், தெரியும். ஆனால் இழுவை இல்லாததை வைத்து என்ன செய்வது? அதன் இன்ஜினைக் கழற்றித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தரும்படி சந்தியோகு கேட்கிறான். உமது சம்மதத்தை உடனே எழுதவும்.

புதுத் தம்பதிகள் உம்மை விசாரித்தார்கள். காதை மூடிக்கொண்டு வெளியில் போம். முருகன் அங்கும் இருக்கிறான்.

இப்படிக்கு,
அத்தான் இளையதம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகச் சந்தியோகு வந்தான். மாப்பிள்ளையின் காரைக் கழற்றினால் நாலு சில்லின் பிறேக்கும் கரியாகிக் கிடந்ததாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள்தானே மாமா கயிறு தொய்யக் கூடாதெண்டனீங்கள்? எங்கடை வாசலிலை மிதிச்ச பிறேக்கை உங்கடை வாசலிலைதான் விட்டனான்" என்றார். பிறேக் மிதித்த காரை மூன்று மைல் இழுத்த பிக்கப்பை, நீர் சம்மதித்தாலும் நான் கொடேன். உள்ளே உமது அக்கா குணத்துக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறா: "மாப்பிள்ளைக்கு எதையும் யோசிச்சுச் சொல்லு பிள்ளை. சொன்னால் செய்துபோடுவார்."