ஊசி இல்லாமல் பாடிய ரெக்கார்டு

துடைக்கிறேன் பேர்வழி என்று ஜெர்வின் ரெக்கார்டு பிளேயரின் ஊசியை உடைத்தபோது, காதலி ஜெனிஷாவின் அப்பா அவன் வீட்டுக்கு வர ஒரு சர்ச் பூசை நேரம்தான் பாக்கி இருந்தது.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். ஜெர்வினுக்குப் பெண்ணே கிடைக்காமல் போய்விடும் போலிருந்தது.

பொய்யைச் சொன்னது போன ஞாயிறு, சர்ச் வாசலில். திண்டுக்கல்லிலிருந்து வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் என்று ஜெனிஷா அவனை அப்பாவிடம் அறிமுகப்படுத்தினாள். அவள் அப்பா பிராங்க் சம்பளம் கேட்கவில்லை, சொந்த ஊரில் வீடு இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

"பாட்டு எதுல கேப்பே தம்பி?" என்றார்.

ஜெனிஷா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டினாள்.

"ரெக்கார்டுலதான் அங்கிள்."

"ஊட்ல வெச்சுகீறியா?"

"வெச்சிருக்கேன் அங்கிள்."

பிராங்கின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் நானும் ஜெனிஷா அம்மா சாராளும் வரோம். உக்காந்து கேப்போம்."

பிராங்க் வீட்டு ரெக்கார்டு பிளேயர் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். ஞாயிறு சாயங்காலம் அது ஓடும்போது யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் போகக்கூடாது. ஜெனிஷாவுக்கு முன்பு வந்த ஒரு வரன், பாட்டு ஓடும்போதே போனை எடுத்து, "இதே பாட்டு இதுல இன்னும் கிளியரா இருக்கு அங்கிள்" என்றான். பாவம், அவனுக்குக் காபிகூட முழுசாகக் கிடைக்கவில்லை.

ஆகவே ஜெர்வின் யாரிடமோ ஒரு பழைய பிளேயரையும் ஒரு இசைத்தட்டையும் வாங்கி வந்து, தன் மேனாம்பேடு பிளாட்டின் ஹாலில் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து வைத்திருந்தான். இப்போது ஊசி இல்லை. அவன் கீழ்வீட்டு முகமது ஆசிக்கைக் கூப்பிட்டான். ஆசிக் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்தப் பொருளையும் வேறு ஏதாவது ஒரு பொருளாக மாற்றித் தருவான்.

"இன்னா மச்சான் இது, ஞாயித்துக்கிழமை ஊசிக்கு நான் எங்க போவேன்?" என்று தலையைச் சொறிந்த ஆசிக், பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் காலியிடம் இருந்தது. "ஊசி எதுக்கு? உள்ள ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சொருவிட்றேன். மேல தட்டு சுத்திகினே இருக்கும், கீழ ஸ்பீக்கர் பாடும். உன் பாக்கெட்ல போன். எவனுக்குத் தெரியும்?"

சொருகினான். பாட்டு வந்தது, கண்ணாடி மாதிரி.

"ரொம்ப சுத்தமா இருக்குடா. ரெக்கார்டுன்னா கொஞ்சம் பொரியணும்."

பொரிகிற சத்தத்தோடு யாரோ ஏற்றி வைத்திருந்த பழைய பாட்டு ஒன்றை ஆசிக் ஒரு ஆப்பில் தேடிப் பிடித்தான். அது அப்பளம் பொரிகிற மாதிரிப் பொரிந்தது. "ஆப்பு ஓசிதான் மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஓசியில் வருவதற்கு என்ன குணம் என்பதை அவன் சொல்லவில்லை.

அந்நேரம் ஜெனிஷாவிடமிருந்து போன். "எல்லாம் ரெடியா? இதுல எங்க அப்பா ரொம்பக் கண்டிப்பு. கரண்ட் போனா எங்க இருந்தாலும் ஓடி வந்து தட்டு மேல கை வெச்சிடுவார். ஊசி கீறிடுமாம். அவ்ளோ உசிரு அவருக்கு."

அவ்வளவு உயிரான மனிதரை ஏமாற்றப் போகிறோமே என்று ஜெர்வினுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் ஜெனிஷா இல்லாமல் இருப்பதை நினைத்தால் அதைவிட வருத்தமாக இருந்தது.

பிராங்கும் சாராளும் வந்தார்கள். பிராங்க் பிளேயர் முன்னால் போய் நின்று கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

"தட்டுல இன்னா எழுதிகீதுன்னே தெரியலயே?"

"தேய்ஞ்சு போச்சு அங்கிள். அவ்வளவு கேட்டிருக்கேன்."

ஜெர்வின் ஒரு கையால் ஊசி இல்லாத கம்பியைத் தூக்கித் தட்டின் மேல் கொண்டுபோனான். மறு கை பாக்கெட்டுக்குள் இருந்த போனை அழுத்தியது. பதற்றத்தில் சீக்கிரம் அழுத்திவிட்டான். கம்பி இறங்குவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிட்டது. நல்லவேளை, பிராங்க் அந்த நொடி சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல பாட்டு கேக்கறதுன்னா, பஃபேல நின்னுகினே துன்ற மாதிரி தம்பி," என்றார் சோபாவில் சாய்ந்து. "ஒண்ணும் வயித்துல ஒட்டாது. ரெக்கார்டுன்னா இலை போட்டு உக்காருற மாதிரி. புடிக்காத பாட்டு வந்தாலும் தள்ளிவுட முடியாது. ஒரு பக்கம் முடியற வரைக்கும் நாலு பேரு சேந்து குந்தினு இருக்கணும். அதாம்பா விஷயம்."

ஜெர்வின் இதுவரை எந்தப் பாட்டையும் இரண்டாவது சரணம் தாண்டிக் கேட்டதில்லை. இப்போது தள்ளிவிட வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டான். சாராள் மெல்லத் தலையாட்டினார். பிராங்க் முழங்காலில் தாளம் போட்டார். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இந்த மனிதர் சொல்வது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாட்டு முடிந்ததும் பிளேயர் ஒரு பெண் குரலில் பேசியது.

"வீட்டுக் கடன் வேண்டுமா? இன்றே எங்கள் ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள்..."

ஜெர்வின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் போனைத் தடவினான். அதே நேரத்தில் பிராங்குக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, விளம்பரம் முடியும்வரை நிற்காத இருமல். விளம்பரம் நின்றதும் இருமலும் நின்றது. சாராள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்ல ரெக்கார்டு," என்றார் பிராங்க், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கர்த்தர் இருமல் ரூபத்தில் வந்து காப்பாற்றினார் என்று ஜெர்வின் நினைத்தான். இன்னொரு விளம்பரம் வந்தால் அவரால்கூட முடியாது. "டீ கொண்டு வரேன் அங்கிள்" என்று சமையலறைக்கு ஓடி, ஆசிக்குக்கு போன் போட்டான்.

"நெட்டை ஆஃப் பண்ணு மச்சான். பாட்டை நான் காலைலயே உன் போன்ல எறக்கி வெச்சுகீறேன். அதையே திரும்பத் திரும்ப ஓட வுடு."

அப்படியே செய்தான். அவசரத்தில் சத்தமும் கூடிவிட்டது. இனி பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நின்றால் சந்தேகம் வரும் என்று, போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். டீயோடு ஹாலுக்கு வந்து, சாராளுக்கு ஒரு டம்ளரும் பிராங்குக்கு ஒரு டம்ளரும் கொடுத்தான்.

கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. தட்டு சுற்றுவது குறைந்து, குறைந்து, அசையாமல் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஃபேன் சத்தம்கூட இல்லாத ஹாலில் முன்னைவிடக் கணீரென்று பாடியது.

போன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ஓடி எடுக்க ஜெர்வினுக்கு நேரமில்லை. ஜெனிஷாவின் முகம் கண்முன் வந்தது. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

டம்ளர் டக்கென்று மேஜையில் உட்காரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். பிராங்க் சோபாவிலிருந்து பாய்ந்து, சத்தமாக இருமிக்கொண்டே பிளேயரிடம் ஓடினார். இடது கை தட்டின் மேல் விழுந்தது. வலது கை பெட்டிக்கு அடியில் போய், பின்பக்கத்து ஓட்டைக்குள் நுழைந்து, தேடாமலே எதையோ அழுத்தியது.

பாட்டு நின்றது.

அதற்கப்புறம்தான் இது தன் வீடு இல்லை என்பது பிராங்குக்கு நினைவு வந்தது போலிருந்தது. கையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஜெர்வினைப் பார்த்தார். பிறகு மாதா படத்தைப் பார்த்தார்.

"அங்கிள்..." என்றான் ஜெர்வின் மெதுவாக. "சுவிட்ச் அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படி..."

பிராங்க் மறுபடி இருமிப் பார்த்தார். இந்தத் தடவை வரவில்லை.

சாராள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கரண்ட் போனா ஓடிப்போய் மொதல்ல ஸ்பீக்கரை அமுத்தணும் மாப்பிள்ளே, எங்க ஊட்டு ஊசி உடைஞ்சதுலேர்ந்து இவரு அதைத்தான் செஞ்சுகினு கீறாரு."