வெடித்ததற்கு வருந்துகிறோம்

பட்டாசு என்றால் வெடிக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கை இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு தீபாவளி வரை சிவகாசி வட்டாரத்தில் பரவலாக இருந்து வந்தது. வள்ளித்தாய் பயர் ஒர்க்ஸ் முதலாளி வெள்ளைத்துரையும் அதில் ஊறியவர்தான். அந்த வருஷம் ஐப்பசி மழை, களத்தில் காயப்போட்டிருந்த அவருடைய வெடிகளை நன்றாகக் குளிப்பாட்டியது. சீசன் அவசரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைப் பெட்டியில் அடைத்து லோடு ஏற்றிவிட்டார். போன ஊரிலெல்லாம் அது 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது.

தீபாவளிக்கு மறுநாளே மதுரை டீலர் நைனா முகம்மது போன் போட்டார்.

"அண்ணாச்சி, கடை வாசல்ல ஒரே கூட்டம்."

"வாங்கவா பாய்?"

"அடிக்க."

அடுத்த சீசனுக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். ஆர்டர் இல்லை என்றால் கம்பெனி கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். அம்மா பேரில் ஆரம்பித்த கம்பெனி. பாவம், வெள்ளைத்துரைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நெருக்கடி வந்தால் ஆலோசகர் வைப்பது அப்போது பேஷன். சென்னையில் இருக்கும் மச்சான் ஒருவரைப் பிடித்து அனுப்பினான். மல்லாங்கிணற்றில் நல்லசிவமாகப் பிறந்து, சென்னையில் ஷிவ் என்று சுருங்கியவர். நம்ம ஊர் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"சார், பட்டாசு வெடிக்காதது உங்க பிரச்சினையே இல்லை. அதை நீங்க முறையா அறிவிக்காததுதான் பிரச்சினை."

"வெடிக்கலைன்னு ஊரே சொல்லுதே தம்பி."

"அவங்க சொன்னா அது புகார். நாம சொன்னா கொள்கை."

மறுநாள் பேப்பரில் கால் பக்கத்துக்கு அறிக்கை வந்தது: 'ஒலி மாசுக்கு எதிரான சமூகப் பொறுப்புணர்வின் அடிப்படையில், எமது நிறுவனம் ஓசை தவிர்த்த பட்டாசுகளை முன்னறிவிப்பின்றி அறிமுகப்படுத்தியுள்ளமையை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அடிக்க வந்த கூட்டம் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டுக் கலைந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். படித்த வீடுகளில் வெடிச்சத்தம் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று ஆனது. நைனா முகம்மது திரும்பவும் போன் போட்டார்.

"அடுத்த சீசனுக்கும் இந்தத் தீபாவளிச் சரக்கு மாதிரியே வேணும் அண்ணாச்சி. தப்பித்தவறி ஒண்ணுகூட வெடிச்சிரக் கூடாது. வெடிச்சா நம்ம ஏவாரம் அம்புட்டுத்தான்."

ஆனால் அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. வெயில் வெளுத்து வாங்கியதில் வெடியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, வெடித்துவிடும் அபாயம் உண்டானது. தரத்தைக் காப்பாற்ற வெள்ளைத்துரை ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து தினமும் லாரியில் தண்ணீர் வரவழைத்து, பூவாளியால் வெடிகளுக்குத் தெளிக்க ஏற்பாடு செய்தார். தெளிக்கிற வேலை கம்பெனியில் கூலிக்கு வரும் மாரிசெல்விக்கு.

"எங்க தெருவுக்குத் தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு மொதலாளி. வெடி குடிக்குது, நாங்க பாத்துக்கிட்டு நிக்கோம்."

"கம்பெனி கொள்கை தாயி. நான் என்ன செய்ய?"

மாரிசெல்விக்கும் ஒரு கொள்கை இருந்தது. ஒருநாள் லாரித் தண்ணீர் மொத்தமும் குடம் குடமாக அவள் தெருவுக்குப் போய்விட்டது. அன்றைய சரக்கு வெயிலில் காய்ந்து, காய்ந்தபடியே பெட்டிக்குள் போனது.

தீபாவளிக்கு முந்தின வாரம் விருதுநகரில் விழா. ஓசை ஒழிப்பு விழிப்புணர்வு அதிகாரி, வெள்ளைத்துரைக்குப் பொன்னாடை போர்த்தி, 'அமைதியின் காவலர்' விருது கொடுத்து, முத்தாய்ப்பாக ஒரு வெடியைப் பற்றவைத்தார். கைதட்டத் தயாராக எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

படார் என்று வெடித்தது.

அதிகாரி மேடைக்கு அடியில் இருந்து மீட்கப்பட்டார். ஷிவ் உடனே காரில் வந்து விசாரணை நடத்தினார்.

"தண்ணியை என்னம்மா பண்ணீங்க?"

"குடிச்சோம்."

"பட்டாசுக்கு ஒதுக்கிய நீரையா?"

"ஆமாய்யா. தாகம் எங்களுக்குல்ல எடுத்துச்சு."

மனித உபயோகத்துக்கு நீரைத் திருப்பிய குற்றத்துக்காக மாரிசெல்வியிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். பேப்பரில் மறுபடியும் கால் பக்கம் வந்தது: 'எமது பட்டாசு வெடித்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம். குறிப்பிட்ட சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்படும்.'

கேட்டைப் பூட்ட நல்ல பூட்டு எங்கே கிடைக்கும் என்று வெள்ளைத்துரை யோசித்துக்கொண்டிருந்தபோது அதிகாரியின் போன் வந்தது.

"அந்த அபாயகரமான சரக்கை அழிக்கணும் இல்லையா? அழிப்புப் பணியின் ஒரு பகுதியை என் இல்லத்தில், என் நேரடி மேற்பார்வையில் மேற்கொள்ளலாம்னு இருக்கேன். ரெண்டு பெட்டி அனுப்புங்க. பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

ஆய்வுக்காக ஷிவ் நாலு பெட்டியைக் காரில் ஏற்றினார். உறுதிமொழி வாங்கிய தலைமையாசிரியர் பின்வாசல் வழியாக வந்து ஒரு பெட்டி வாங்கிப்போனார். கடைசியாக நைனா முகம்மது பேசினார்.

"வெடிக்கிற சரக்குக்குத்தான் இப்ப கிராக்கி அண்ணாச்சி. இருக்கிறதை அனுப்புங்க. அடுத்த சீசனுக்கு ரெண்டு மடங்கு ஆர்டர். உள்ள வெடிக்கிற சரக்கு, பெட்டி மேல 'ஓசை தவிர்த்தது'ன்னு பெருசாப் போட்டுருங்க. வாங்குறவுக கௌரவத்தையும் நாம பாக்கணும்ல."

கம்பெனி பிழைத்தது. வெள்ளைத்துரை நிம்மதியாகத் தூங்கி, தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மகள் செல்வலட்சுமிக்கு வெடி எடுத்துக் கொடுத்தார். புஸ். இன்னொன்று, அதுவும் புஸ். நல்ல சரக்கில் ஒரு பெட்டிகூட மிச்சமில்லை.

"ஏம்ப்பா, நீங்க பட்டாசுக் கம்பெனிதானே வச்சிருக்கீக?" என்று பிள்ளை கேட்டாள்.

தூரத்தில் ஒரே ஒரு தெருவில் மட்டும் படபடவென்று சத்தம். அது மாரிசெல்வியின் தெரு. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"வாங்க மொதலாளி. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. பிள்ளைக்கு ரெண்டு வெடி இருக்குமா தாயி?"

மாரிசெல்வி முதலில் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தோடு சேர்ந்து வந்திருந்த பெட்டியிலிருந்து கை நிறைய வெடி கொண்டுவந்து பிள்ளையிடம் கொடுத்தாள்.

"இது வெடிக்குமே மொதலாளி. மன்னிப்பு யாரு எழுதுறது, நீங்களா, நானா?"

வெள்ளைத்துரை செம்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள் செல்வலட்சுமி திரியைப் பற்றவைத்துவிட்டாள். தெருவே அதிர வெடித்தது. அங்கே யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.